நிறைத்து வைத்த கடை

தெருவே அவளைக் காஜாக்கா என்றுதான் கூப்பிட்டது. பொத்தான் நுழையும் ஓட்டைக்கு ஓரம் கட்டுவதைத் தையல்காரர்கள் காஜா என்பார்கள். அவள் கையால் கட்டிய காஜா, சட்டை நைந்து கரித்துணியான பிறகும் பிடிவாதமாக நிற்கும். பெயர் வைத்த புண்ணியவான் அவளுடைய கணவன்தான். பட்டறையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். அவளும் பதிலுக்கு அவரை இன்று வரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறாள். கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்தது, பிறகு அதுவே பழகிவிட்டது.

மாஸ்டர் இப்போது கட்டிலில் கிடக்கிறார். போன வருஷம் ஒரு காலையில் கத்தரியைக் கையில் பிடித்தபடியே சாய்ந்தவர்தான். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. இடது கை இருக்கிறது, வாய் இருக்கிறது. வாய்க்கு ஒரு குறையும் வரவில்லை என்பதில் காஜாக்காவுக்குப் பாதி நிம்மதி, பாதி தலைவலி.

பட்டறையும் வீடும் ஒரே அறை. முன்பக்கம் மெஷின்கள், பின்பக்கம் ஒரு திரை, திரைக்கு அந்தப் புறம் கட்டில். மாஸ்டர் இடது கையில் போனை வைத்துக்கொண்டு உலகத்தில் எந்த அரசாங்கம் சின்னத் தொழிலுக்கு என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பார்த்ததைச் சும்மா வைத்துக்கொள்ளவும் மாட்டார். தெருவில் அவருக்குக் கட்டில் மந்திரி என்று பெயர்.

"காஜா, ஒரு நாட்டுல புதுசா தொழில் தொடங்கினா, முதல் வருஷம் கவர்மெண்டே மாசாமாசம் சம்பளம் மாதிரி கொடுக்குதாம்."

"ம்."

"இன்னொரு நாட்டுல, கடை நொடிச்சுப்போற மாதிரி இருந்தா ஒரு ஆபீசரே வந்து பக்கத்துல உக்காந்து, எங்க தப்புன்னு பார்த்துச் சொல்வாராம்."

"இங்கயும்தான் வர்றாங்க, கரண்ட் பில் கட்டலைன்னா."

"விளையாடாதே. பனி கொட்டுற ஒரு நாட்டுல, மூடின கடைக்கும் வாடகை கொடுத்தாங்களாம்."

"அப்ப உங்க கட்டிலை அங்க போடச் சொல்லுங்க. நான் பின்னாடியே வர்றேன்." இப்படிச் சொல்லிக்கொண்டே அவள் நூலை அறுத்துவிட்டு எழுந்து வருவாள். அவரைப் புரட்டும் நேரம் வந்திருக்கும்.

இப்படிப் புரட்டுவதில்தான் அவளுடைய உயிரே இருந்தது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் யாரும் கவனிக்காமல் விட்டதில் இடுப்பில் புண் வந்தது. அதன் ஆழத்தைப் பார்த்த அன்று காஜாக்கா வெளியே ஓடிப்போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். அதை ஆற்றுவதற்குள் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போயின. இனி அந்த மாதிரிப் புண் வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். தையலுக்கு நடுவே எழுந்து வருவதற்குப் பட்டறை தோதாக இருந்தது. பட்டறை இல்லையென்றால் ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஆயத்த ஆடை ஆலைதான் கதி. விடியும் முன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு.

பட்டறைதான் இப்போது கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய ஒரே மோட்டார் மெஷின் புகைந்து கருகிப்போனது. மிச்சம் இருந்தவை காலால் மிதிக்கும் மெஷின்கள் இரண்டு. ஒன்றில் அவள், இன்னொன்றில் மாஸ்டரின் தங்கை. அந்த வேகத்துக்கு ஆஸ்பத்திரி அங்கி ஆர்டர் தாங்காது என்று, அதைக் கொடுத்துவந்த வியாபாரி வேறு இடம் பார்த்துவிட்டார். வாடகை நின்றதும் வீட்டுக்காரர் ரொம்ப மரியாதையாக வந்து, மாசக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அந்த நேரத்தில்தான் மாஸ்டர் போனில் நம்ம அரசாங்கத்தின் அறிவிப்பையே கண்டுபிடித்தார். சிறு தொழிலுக்குப் புதுத் திட்டம். இரண்டு மோட்டார் மெஷின், கூடவே ஒரு வருஷ வாடகையில் பாதி. காஜாக்கா விண்ணப்பம் போட்டாள். எல்லாம் சரி, அதிகாரி ஒருவர் நேரில் வந்து கடையைப் பார்ப்பார், அவ்வளவுதான் பாக்கி என்று பதில் வந்தது. அன்று நாத்தனாரும் அவளும் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் போலக் குதித்தார்கள். மாஸ்டர் கட்டிலில் கிடந்தபடி இடது கையால் தொடையைத் தட்டிக்கொண்டார்.

செய்தி தெருவுக்குப் போனது. அங்கேதான் வினை ஆரம்பித்தது, அதுவும் அன்பால் வந்த வினை.

அது தைக்கிறவர்களின் தெரு. பை, திரைச்சீலை, தலையணை உறை, சீருடை என்று வீட்டுக்கு ஒரு தொழில். அங்கே ரொம்ப நாளாக ஒரு பழக்கம் உண்டு. யாருடைய கடைக்காவது பெரிய வியாபாரி பார்க்க வருகிறார் என்றால், மற்ற கடைக்காரர்கள் தங்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கடையை நிறைத்து வைப்பார்கள். ஆளும் உட்காருவார்கள். வியாபாரி எட்டிப் பார்க்கும்போது எள் போட்டால் எள் விழாது. கூட்டமாக இருக்கும் கடைக்குத்தான் ஆர்டர் வரும், காலியாக இருக்கும் கடையை யாரும் நம்ப மாட்டார்கள் என்று அடிபட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். வியாபாரி போனதும் மெஷின்கள் அவரவர் வீட்டுக்குத் திரும்பும். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு நாற்காலி கொடுப்பது மாதிரித்தான் அவர்களுக்கு அது.

எதிர்க்கடைப் பை அண்ணன்தான் முதலில் வந்தார். "காஜாக்கா, கவலையை விடு. ஒன்பது மெஷின் வருது. நம்ம தெரு மானம் இது."

"அண்ணே, வர்றது வியாபாரி இல்லையே. கவர்மெண்டு ஆளு."

"யாரா இருந்தா என்ன? காலிக் கடைக்கு எவன் கொடுப்பான்? நாளைக்கே மூடிடுவா போலன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. இருந்தாலும் ஒரு விஷயம் உறுத்தியது. அந்த ஒன்பது மெஷினும் போன வருஷம் ஒரு கூட்டத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தவை. தெருவில் எல்லோரும் போய் வாங்கி வந்தார்கள். காஜாக்கா மட்டும் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மெஷின் பலகைக்கும் அடியில் ஒரு தகடு அடித்திருக்கும். இடம் மாற்றினால் மெஷின் திரும்பப் பெறப்படும் என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கும்.

"தகடு இருக்கே அண்ணே."

"துணி போட்டு மூடிட்டா போச்சு. குனிஞ்சு பார்க்கவா போறாங்க?"

அடுத்துப் பை அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு திரைப் பக்கம் பார்த்தார். எதையோ சொல்ல வந்து தயங்கினார். மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது.

"இழுக்காதப்பா. நோயாளி கிடக்கிற கடைன்னா யோசிப்பாங்க, அதானே? என்னைத் துணி மூட்டைக்குப் பின்னாடி வெச்சிடுங்க. பார்க்கப்போனா நானும் ஒரு மூட்டைதானே."

எல்லோரும் சிரித்தார்கள். காஜாக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய் அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

மறுநாள் காலையில் தெருவே திரண்டு வந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக வாசற்படி ஏறின. மேசைத்துணி, பழைய புடவை, போர்வை என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் பலகையைச் சுற்றித் தொங்கவிட்டுத் தகடுகளை மறைத்தார்கள். திரையைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் முழுக்கத் துணி மூட்டைகளைச் சுவர் மாதிரி அடுக்கினார்கள். அதற்கு முன்பாகக் காஜாக்கா மாஸ்டரை வலது பக்கம் புரட்டிப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு வந்தாள். அதிகாரி வந்து போக அரை மணி நேரம் ஆகுமா? அதற்குள் ஒன்றும் ஆகாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆள் பற்றவில்லை என்று பட்டன் கடைக்காரரையும் ஒரு மெஷினில் உட்கார வைத்தார்கள். அவர் பிறந்ததிலிருந்து தைத்ததில்லை. நூல் கோக்காமலே துணியை நகர்த்திக்கொண்டிருந்தார். மிதியைத் திருப்பி மிதித்ததில் சக்கரம் பின்னால் சுற்றியது. திரைச்சீலை அக்கா அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அதிகாரி வரும்போதே நேரமாகிவிட்டது. சின்ன வயசுப் பெண், வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. வாசலில் நின்று உள்ளே பார்த்தவள் முகம் மலர்ந்தது. பதினோரு மெஷினும் ஒன்றாகக் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"அடேயப்பா!" என்றாள். "காலையிலருந்து போன கடையெல்லாம் அழுது வடியுதும்மா. உங்க கடைதான் உயிரோட இருக்கு."

வாசலில் நின்ற பை அண்ணனுக்கு வாயெல்லாம் பல். காஜாக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதிகாரி ஒவ்வொரு மெஷினாகப் பார்த்தாள், தையலைத் தடவிப் பார்த்தாள், ஒரு காஜாவை வெளிச்சத்தில் பிடித்து ரசித்தாள். எப்படித் தொடங்கினீர்கள், யார் கற்றுக்கொடுத்தது என்றெல்லாம் கேட்டாள். நல்ல பெண். மனசு விட்டுப் பேசினாள். அதனால் நேரம் போய்க்கொண்டே இருந்தது. மூட்டைச் சுவரைப் பார்க்காமல் இருக்கக் காஜாக்கா படாத பாடு பட்டாள்.

கடைசியாக அதிகாரி கையிலிருந்த கருவியில் எதையோ தட்டினாள். நெற்றி சுருங்கியது. மறுபடி எண்ணினாள்.

"பதினொண்ணு இருக்கே. எல்லாம் உங்களோடதுதானாம்மா?"

"ஏன் மேடம்?"

"இந்தத் திட்டம் அஞ்சு மெஷினுக்கு உட்பட்ட கடைக்குத்தான். அதுக்கு மேல இருந்தா வளர்ந்த நிறுவனம்னு கணக்கு. வளர்ந்தவங்களுக்கு இது கிடையாது."

கடகட சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. சிறு தொழில் என்று அறிவிப்பில் இருந்தது எல்லோருக்கும் தெரியும். சிறுசு என்றால் எவ்வளவு சிறுசு என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தாங்கள் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிடக்கூடும் என்ற பயம் அவர்களுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

அதிகாரிக்கே மனசு கேட்கவில்லை. குரலைத் தணித்துக் கேட்டாள்: "இதுல இரவல் வாங்கினது ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லுங்க, கழிச்சிட்டுப் பார்க்கலாம். யாரோடதுன்னு மட்டும் பேரு எழுதணும். மெஷினைப் படம் எடுத்துக்கணும்."

சொல்லும்போதே அவள் கை பக்கத்து மெஷினில் தொங்கிய புடவையின் மேல் இருந்தது. பை அண்ணனின் மெஷின் அது. கொஞ்சம் விலக்கினால் தகடு.

காஜாக்கா அந்தக் கையையே பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். இரவல் என்று ஒரே வார்த்தை சொன்னால் அவளுக்கு இரண்டு மெஷின், வாடகை, இந்த அறை, கட்டில், எல்லாம் கிடைக்கும். ஒன்பது வீட்டு மெஷின் போகும். திரும்பிப் பார்த்தாள். திரைச்சீலை அக்கா மிதியில் வைத்த காலை எடுக்காமல் உறைந்திருந்தாள். பட்டன் கடைக்காரர் தரையைப் பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்தது அவருடைய மருமகளின் மெஷின். பை அண்ணன் முகத்தில் சொட்டு ரத்தமில்லை. கண்கள் மட்டும் கெஞ்சின. சொல்லாதே என்று கெஞ்சினவா, சொல்லிவிடு என்று கெஞ்சினவா என்று பிரித்துப் பார்க்கும் நிலைமையில் அவள் இல்லை. ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு கணம் அவள் அத்தனை பேரையும் வெறுத்தாள். யாராவது ஒருத்தர், என்னோடதை எழுதிக்கோங்க என்று சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தாள்.

மூட்டைக்குப் பின்னாலிருந்தும் சத்தம் வரவில்லை. அவர் தூங்க மாட்டார். கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

"எல்லாம் என்னோடதுதான் மேடம்" என்றாள் காஜாக்கா.

அதிகாரி பெருமூச்சு விட்டாள். பிறகு, ஆறுதல் சொல்லும் நினைப்பில், இன்னும் கொஞ்ச நேரம் இருந்தாள். வளர்ந்தவர்களுக்குத் தனியாகக் கடன் திட்டம் உண்டு, சொத்து அடமானம் வைத்தால் கிடைக்கும் என்றாள். அரசாங்கத்தை எதிர்பார்க்காமல் ஒரு பெண் இவ்வளவு செய்திருப்பது பெரிய விஷயம் என்றாள். ஆபீஸ் சுவரில் வெற்றி பெற்ற தொழில்முனைவோர் படங்கள் வைப்பார்களாம், அதில் ஒன்று எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"நடுவுல நில்லுங்கம்மா. கொஞ்சம் சிரிங்க."

காஜாக்கா பதினோரு மெஷினுக்கு நடுவில் நின்று சிரித்தாள். முதல் படத்தில் கண் மூடியிருந்தது என்று இன்னொன்று எடுத்தாள் அந்தப் பெண்.

அவள் தெருமுனை திரும்பியதும் காஜாக்கா மூட்டைகள் மேல் பாய்ந்தாள். கையாலும் காலாலும் தள்ளினாள், நாத்தனார் கூட வந்து இழுத்தாள். மாஸ்டர் வைத்த பக்கமே கிடந்தார். முதுகுத் தலையணை எப்போதோ நழுவி விழுந்திருந்தது. இடுப்புப் புண் ஆறிய இடம் கட்டில் சட்டத்தில் அழுந்திக் கிடந்தது. வாயில் துண்டைத் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

அவரைப் புரட்டினாள். தோல் சிவந்து கன்றியிருந்தது, உடையவில்லை. துண்டை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஏன் மாஸ்டர், ஒரு முனகல் முனகியிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

"எல்லாத்தையும் கேட்டேன்" என்றார் அவர். மூச்சு வாங்கியது. "இரவல்னு நான் கத்தியிருக்கலாம். வாயில துண்டு இருந்ததுனால கத்தலைன்னு நினைக்காதே. துண்டைத் துப்பிட்டேன். அப்புறம் நானேதான் மறுபடி எடுத்து வெச்சுக்கிட்டேன்."

வழக்கமாக மெஷின்களைத் திருப்பி எடுத்துப்போகும்போது தெருவில் கேலியும் கூத்துமாக இருக்கும். அன்று தூக்கினார்கள், போனார்கள். திரைச்சீலை அக்கா காஜாக்காவின் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். பை அண்ணன் மட்டும் கடைசி வரை நின்றார்.

"நான்தான் கெடுத்தேன். அந்த நேரத்துல வாய் வரலம்மா. மூணு பொண்ணு அந்த மெஷினை நம்பி இருக்கு."

"தெரியும் அண்ணே."

"நீ வேலைக்குப் போ. மாஸ்டரை நாங்க ஆள் மாத்தி ஆள் வந்து பார்த்துக்கறோம்."

அவர் மனதாரத்தான் சொன்னார். ஆனால் மாசக் கடைசியில் கட்டில் இந்தத் தெருவில் இருக்காது. ஊரின் மறுகோடியில் நாத்தனார் குடியிருக்கும் மாடி அறைக்குத்தான் போக வேண்டும். நாத்தனாரும் ஆலைக்குத்தான் போக வேண்டும். காலையில் பூட்டினால் இருட்டிய பிறகுதான் அந்தக் கதவு திறக்கும். பை அண்ணனுக்கும் அது தெரியும். அதனால்தான் அதற்கு மேல் நிற்காமல் மெஷினின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைக் காஜாக்கா பிடித்துக்கொண்டாள். இருவரும் எதிர்க்கடை வரை தூக்கிப் போனார்கள். வாசற்படியில் புடவை வழுக்கி விழுந்தது, தகடு வெயிலில் பளபளத்தது.

திரும்பி வந்தபோது அறை ஹோவென்று இருந்தது. இரண்டு கால் மெஷின், கருகிய மோட்டார், ஒரு கட்டில். உண்மையான கடை இவ்வளவுதான். இதை இப்படியே காட்டியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உலகத்துல இருக்கிற நாட்டு விதியெல்லாம் படிச்சேன். நம்ம விதியைப் படிக்கலை" என்றார். போன் கட்டிலுக்கு அடியில் விழுந்து கிடந்தது. எடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே கூப்பிட்டார். "காஜா, இங்க வா. நேரமாச்சு."

அவள் எழுந்து வந்து, வழக்கம் போல ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் இன்னொரு கையை இடுப்புக்கு அடியிலும் கொண்டுபோனாள்.

"கையை எடு."

"ஏன்?"

"நானே புரளப் பார்க்கறேன். மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கில்ல? பழகிக்கலாம். நீ தொடாதே, பார்த்துக்கிட்டு மட்டும் இரு."

இடது கையை எட்டிக் கட்டில் சட்டத்தைப் பிடித்தார். இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கட்டில் கிரீச்சிட்டது, உடம்பு அசையவில்லை. காஜாக்காவின் கை தானாக நீண்டது. அவர் ஒரு பார்வை பார்த்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இன்னொரு தரம்" என்றார் மாஸ்டர்.